தங்கை அழைத்துச் சென்ற சாப்பாட்டுக்கடைகள்

உண்பதற்காக நான் இம்முறை யாழ்ப்பாணம் போகவில்லை. வாயால் உண்பதை விட்டுவிடு என்று என் தங்கையிடம் சொல்வதற்காகப் போனேன்.

தங்கை மலருக்கு உணவுக்குழாயில் புற்று. கட்டியான எதுவும் இறங்குவதில்லை. நீர்கூட நின்று நின்றே இறங்கியது. வயிற்றில் ஒரு குழாயைப் பொருத்தி, அதன் வழியே நேரே உணவு செலுத்த வேண்டும் என்று மருத்துவர்கள் கூறியிருந்தார்கள். அவள் மறுத்துவிட்டாள். "மாமா, அம்மா ஆரின்ரை சொல்லும் கேக்கிறா இல்லை. நீங்கள் நேரை வந்து சொன்னால்தான் கேப்பா" என்று அவள் மகள் வதனி தொலைபேசியில் அழுதாள். மெல்பேணில் என் மகன் குடும்பத்துடன் வாழும் எனக்கு எழுபத்தெட்டு வயது. நெடும்பயணம் உகந்ததல்ல என்று எல்லோரும் சொன்னார்கள். புறப்பட்டேன்.

புகையிரத நிலையத்திலிருந்து அரியாலை வீட்டுக்கு ஓட்டோவில் வந்து இறங்கியபோது மலர் வாசலில் நின்றாள். சேலைக்குள் ஆள் இருக்கிறதா என்று ஐயுறும்படி மெலிந்திருந்தாள்.

"வாங்கோ அண்ணை. என்ரை பங்கையும் நீங்களே சாப்பிட்டிருக்கிறியள் போல கிடக்கு. வயிறு நல்லா வைச்சிருக்கு" என்றாள்.

எழுபது வயதிலும் அவள் வாய் மாறவில்லை. அவள் கழுத்தெலும்பைப் பார்த்துவிட்டு, காலணியைக் கழற்றுவதில் கவனம் செலுத்தினேன்.

எங்கள் தகப்பனார் தபாலதிபராக இருந்தவர். கடையில் இருந்து உண்பது வீட்டில் அடுப்பெரியாதவர்களின் வழக்கம் என்பது அவர் கொள்கை. நானும் அக்கொள்கையிலிருந்து அதிகம் விலகியவன் அல்லன். மலர் வேறு வகை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஆசிரியையாக இருந்த காலம் முழுவதும், பள்ளி விட்டதும் தன் தோழி திலகத்தோடு ஏதேனும் ஒரு கடையில் அமர்ந்து, ஊர்க்கதை முழுவதையும் பேசித் தீர்த்த பின்னரே வீடு திரும்புவாள். கணவர் காலமான பின்பும் அவ்வழக்கம் நிற்கவில்லை. மகளோடு, தோழியோடு, சில வேளைகளில் பக்கத்து வீட்டாரோடும் போனாள். தனியாக ஒருநாளும் போனதில்லை.

அன்று மாலை குழாய்ப் பேச்சை எடுத்தேன். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, நேரே விடயத்துக்கு வந்தாள்.

"சாகிற பயத்திலை மாட்டனெண்டு சொல்லேல்லை அண்ணை. என்ரை மனுசன்ரை மாமிக்குக் குழாய் போட்டவை, தெரியுந்தானே? பேந்து மனுசி பின் அறையிலைதான். கதவைச் சாத்திப்போட்டு ஊத்துவினம். அஞ்சு மாதம் அந்த மனுசியோட ஒருத்தரும் ஒரு மேசையிலை இருக்கேல்லை. அப்பிடி இருக்கிறதெண்டால் எனக்கு வேண்டாம்."

"நாங்கள் அப்படிச் செய்ய மாட்டோம்."

"அப்ப காட்டுங்கோ. இந்தக் கிழமை என்னோட கடைக்கு வாங்கோ. என்ரை கடையளுக்கு. நான் எப்பிடிச் சாப்பிடுறன் எண்டு உங்களுக்குத் தெரியாது. பாத்துப்போட்டுச் சொல்லுங்கோ, குழாயோட என்னை ஒரு மேசையிலை இருத்தி, நீங்களும் இருந்து சாப்பிடுவியளோ எண்டு."

"ஓம்" என்றேன். அது கடினமான வாக்குறுதியாக எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் வதனியோடு மூவருமாக நல்லூர்ப் பக்கத்து ஐஸ்கிறீம் கடைக்குப் போனோம். மெல்பேணில் எங்காவது உண்ணப் போவதென்றால் இடம் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருக்கும்; மேசைக்கு மேசை மரியாதையான இடைவெளி இருக்கும்; அடுத்தவர் தட்டைப் பார்ப்பது பண்பன்று. இங்கே நான்கு பேர் மேசையில் ஆறு பேர் இருந்தார்கள். எங்கள் மேசையின் மறுபாதியில் தென்னிலங்கையிலிருந்து சுற்றுலா வந்த தாயும் மகளும் வந்து அமர்ந்தார்கள். யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

மலர் கண்ணாடிக் கிண்ணத்தைக் கையால் பொத்தி வைத்துக்கொண்டு, ஐஸ்கிறீம் முழுவதும் நீராகும்வரை காத்திருந்தாள். பின்னர் கரண்டி நுனியால் சிறிது சிறிதாக உறிஞ்சினாள். எதிரே இருந்த சிறுமி அதையே பார்த்தாள். கொழும்பில் அரசாங்க உத்தியோகம் பார்த்த எனக்குச் சிங்களம் நன்கு தெரியும்.

"அம்மா, அந்த ஆச்சி ஏன் அதை உருக்கிவிட்டுக் குடிக்கிறா?" என்று சிறுமி கேட்டாள்.

"இந்த ஊரில் அப்படித்தான் சாப்பிடுவார்கள் போலும். பார்க்காதே" என்றாள் தாய்.

"என்னவாம் சொல்லுகினம்?" என்று மலர் என் கையைத் தட்டினாள். மறைக்க முயன்றேன், விடவில்லை. மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் புரை ஏறிவிட்டது. வதனி முதுகைத் தடவ, நான் நீர்க் குவளையை நீட்ட, அந்தத் தாயும் பதறி எழுந்து நிற்க, மலர் கண்ணீரோடு அவளைப் பார்த்துக் கையசைத்து இருக்கச் சொன்னாள்.

"இனிக் கொழும்பிலை போய் எல்லாருக்கும் சொல்லுவினம், யாழ்ப்பாணத்தார் ஐஸ்கிறீமைச் சொதி மாதிரிக் குடிக்கிறவை எண்டு."

அரைக் கிண்ணம் இறங்கியது. அந்த வாரத்தில் அவள் உண்டவற்றுள் அதுவே அதிகம்.

அடுத்தது திருநெல்வேலி. ஓட்டோ வேண்டாம், பணிக்காலத்தில் போனதுபோல் பேருந்தில்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். யாழ்ப்பாண நகரில் ஏறிய பேருந்து பலாலி வீதியில் சிறிது தூரம் போனதும் இரைந்து, புகை கக்கி, நின்றுவிட்டது. நடத்துநர் இறங்கி எஞ்சினைப் பார்த்துவிட்டு, "இண்டைக்கு உவருக்கு ஏலாதாம். பின்னாலை வாறதிலை ஏறுங்கோ" என்றார், எஞ்சின் ஒரு நோயாளி என்பதைப் போல. பின்னால் வந்த பேருந்தில் பல்கலைக்கழக மாணவர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். ஒரு மாணவி எழுந்து மலருக்கு இடம் கொடுத்தாள். நான் நின்றே சென்றேன். வெய்யில் தகித்தது.

அது பழைய சைவக்கடை. கல் மேசைகள், வாசலில் கைகழுவும் தொட்டி, முன்புறம் பலகாரம் அடுக்கிய கண்ணாடிப் பெட்டி. திலகம் முன்பே வந்து மூலை மேசையைப் பிடித்து வைத்திருந்தார். திலகம் தொண்டைமானாற்றுக் கடலோரக் குடும்பத்தில் பிறந்து இங்கே ஆசிரியையாக வந்தவர். குரலைத் தாழ்த்திப் பேசும் பழக்கம் இல்லாதவர்.

"அண்ணை, உங்களைக் கடைக்குள்ளை பாக்கக் கிடைச்சதே! ஒரு படம் எடுத்து வைக்கட்டோ? ஊரிலை நம்பமாட்டினம்."

எங்கள் நாட்டுக் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. வெளிநாட்டில் பிறந்த என் பேரப்பிள்ளைகளுக்கு இதை விளக்கச் சிரமப்பட்டிருக்கிறேன். நாம் கேட்காமலே வடை, ரோல்ஸ் முதலியவற்றைத் தட்டு நிறைய அடுக்கிக்கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம், எடுத்ததற்கே விலை. எஞ்சியவை அப்படியே கண்ணாடிப் பெட்டிக்குத் திரும்பி, பின்னர் வேறொரு மேசைக்குப் போகும். தொட்டதை எடுத்துக்கொள்வார்கள், எடுக்காததைத் தொடமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் இவ்வேற்பாடு முழுவதும் நிற்கிறது.

மலர் பழைய பழக்கத்தில் தட்டிலிருந்த உளுந்து வடைகளைப் புரட்டினாள். கரையெல்லாம் முறுகலான ஒன்றைத் தேடுவது அவள் வழக்கம். ஒன்றைத் தெரிந்தெடுத்து, சம்பலில் தோய்த்து, கடித்து, கண்ணை மூடி மென்றாள். நெடுநேரம் மென்றாள். பின்னர் கைக்குட்டையால் வாயை மறைத்து, வதனி கொண்டுவந்த மூடியுள்ள தகரப் பேணிக்குள் அதைத் துப்பினாள். அவளால் உண்ணக்கூடிய முறை அது ஒன்றே. மெல்லலாம், உமிழலாம், சுவை மட்டும் அவளுக்கு. திலகம் இதைப் பலமுறை கண்டவர் ஆதலால் தம் கதையை நிறுத்தவில்லை. பள்ளியில் பழைய அதிபர் ஒருவர் மேடையில் வேட்டி அவிழ்ந்து நின்ற கதை. மலர் மென்றுகொண்டே சிரித்தாள்.

மூன்றாம் முறை அவள் உமிழ்ந்தபோது பக்கத்து மேசைப் பெண்மணி, பரிமாறும் ஆளை அழைத்தார். நன்றாக உடுத்திய, நடுவயதுக் குடும்பப்பெண்.

"தம்பி, உந்தத் தட்டைத் திருப்பிக் கொண்டுபோய்ப் பெட்டிக்குள்ளை வைச்சிடாதேங்கோ. உவ எல்லாத்தையும் தொட்டுப் பிரட்டிப்போட்டா. துப்பித் துப்பிச் சாப்பிடுறா. என்ன வருத்தமோ தெரியாது, பிள்ளையள் சாப்பிடுற இடம்."

கடை முழுவதும் திரும்பிப் பார்த்தது. பரிமாறியவர் தட்டில் ஒரு கையும் மேசையில் ஒரு கையுமாக நின்றார். என்ன செய்வதென்று அவருக்கு விளங்கவில்லை. நான் எழுந்தேன்.

"தட்டில் உள்ள எல்லாவற்றையும் கட்டித் தாருங்கள். எல்லாம் நாங்கள் எடுத்ததுதான்" என்றேன். பிறகு அந்தப் பெண்மணியிடம், "இவ என் தங்கை. இவவின் நோய் ஒருவருக்கும் தொற்றாது" என்றேன். மலரின் முழங்கையைப் பற்றி எழுப்பி, தலை குனியாமல், வெளியே அழைத்துவந்தேன். எங்கள் குடும்பத்தை ஒருவர் பொது இடத்தில் அவ்வாறு பேச, அமர்ந்து கேட்டுக்கொண்டிருப்பது என்னால் ஆகாது.

பின்னால் திலகத்தின் குரல் கேட்டது. "ஒட்டுற வருத்தமெண்டால் எனக்கெல்லோ முதல் ஒட்டியிருக்கோணும்? முப்பது வருஷமா உவளின்ரை பாதித் தேத்தண்ணியைக் குடிக்கிறன்!" பொட்டலத்தைத் திறந்து, வீதியோரத்தில் நின்றபடியே ஒரு வடையை எடுத்து, அந்தப் பெண்மணி பார்க்கக் கடித்தார்.

ஓட்டோ பிடித்து வீடு திரும்பினோம். அரியாலை ஒழுங்கையில் திரும்பும்போது மலர் கேட்டாள்.

"ஆர் அண்ணை முதல் எழும்பினது?"

"என்ன கேட்கிறாய்?"

"அவ கதைச்சவதான். கதைக்கட்டும். திலகம் எழும்பேல்லை. வதனி எழும்பேல்லை. நான் சாப்பிட்டு முடிக்கேல்லை. நீங்கள்தான் முதல் எழும்பினது."

"உன் மானத்துக்காகத்தான் எழுந்தேன்."

"ஓம். அதுக்குத்தான் அந்த மாமியையும் பின் அறையிலை வைச்சவை."

நான் எழுந்தது அவளுக்காகவே என்று இன்றும் சொல்வேன். அவள் கண்டது அதுவன்று. வீட்டு வாசலில் இறங்கும்போது, குழாய் வேண்டாம் என்ற முடிவையும் சொல்லிவிட்டாள்.

அதன்பின் வந்த நாள்களில் அவள் எங்கும் வர மறுத்தாள். இளநீர் இறங்கியது, பின்னர் அதுவும் பாதி திரும்பி வந்தது. வதனி அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டு, கரண்டியும் கோப்பையுமாகத் தாயின் பக்கத்திலேயே இருந்தாள். ஒருநாள் குசினி வாசலில் என்னை நிறுத்தி, "மாமா, நீங்கள் அண்டைக்கு இருந்திருக்கலாம்" என்றாள். மருமகள் முறையில் உள்ளவள் என்னிடம் அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை. சொல்லிவிட்டு அவளே கோப்பையைக் கழுவப் போய்விட்டாள்.

முடிச்சை அவிழ்த்தவர் திலகம். தொண்டைமானாற்றில் தம் உறவுப்பெண் ஒருத்தி நீரேரிக் கரையில் கடை வைத்திருக்கிறாள், நண்டுக் கறி அங்கேதான், வராவிட்டால் இனி இந்த வீட்டு வாசற்படி மிதிக்கமாட்டேன் என்று சண்டை பிடித்து, மலரை ஓட்டோவில் ஏற்றினார். வழியில் ரயர் காற்றுப் போனது. சுற்றிலும் வெளி, ஒரு பனை நிழலில் நின்றோம். மலரால் நிற்க முடியவில்லை. சாரதி தம் ஆசன மெத்தையைக் கழற்றித் தரையில் போட்டு அவளை இருத்தினார். "இப்ப எனக்குத்தான் முன் சீற்" என்றாள் அவள். மூச்சு வாங்கியது.

கடை என்பது தகரக் கூரையும் நான்கு பிளாஸ்ரிக் மேசைகளும்தான். மீன் வலை தைத்துக்கொண்டிருந்த இருவர், சந்நிதி கோயிலுக்கு வந்து திரும்பும் குடும்பம் ஒன்று, நாங்கள். நான் பிறவிச் சைவன்; மலரோ திலகத்தோடு சேர்ந்து மீனும் நண்டும் பழகியவள். மச்சம் சமைக்கும் கடையில் அமர்ந்தது என் வாழ்நாளில் அன்றுதான். வெறுந்தேநீர் கேட்டேன்.

கடைக்காரப் பெண் நண்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"என்ன அக்கா, காத்திலை பறந்திடுவியள் போல இருக்கு. என்ன வருத்தம்?"

"தொண்டைக்குக் கீழை அடைச்சுப்போட்டுது பிள்ளை. சப்பித் துப்புவன். அரியண்டமெண்டால் சொல்லு, அங்காலை தள்ளி இருக்கிறன்."

"மீன் வெட்டுற இடத்திலை ஆருக்கு அரியண்டம்? நீங்கள் இருங்கோ."

மலர் நண்டுக் காலை உடைத்து, குழம்பில் தோய்த்து, உறிஞ்சினாள். சாறு இறங்கவில்லை, பேணிக்குள் போயிற்று. அடுத்த கால். அதுவும் பேணிக்குள். கோயிலுக்கு வந்த குடும்பம் எங்களைப் பார்த்துத் தமக்குள் ஏதோ பேசியது. அக்குடும்பத்துப் பெரியவர் தம் கதிரையை மறுபக்கம் திருப்பிப் போட்டார். எனக்கு எழத் தோன்றியது. தேநீர்க் கோப்பையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். இரண்டாம் தேநீர் கேட்டேன். மூன்றாவதும் கேட்டேன். அந்தக் குடும்பம் எழுந்து போயிற்று. வலை தைத்தவர்கள் வேலையை முடித்துக் கிளம்பினார்கள். நண்டின் ஒவ்வொரு காலும், ஒவ்வொரு கொடுக்கும், உடைந்து உறிஞ்சப்பட்டு ஓடாகத் தட்டில் குவியும்வரை மலர் எழவில்லை. நாங்களும் எழவில்லை.

கைகழுவ வதனி தண்ணீர் வார்த்தபோது மலர் சொன்னாள்: "சரி பிள்ளை. நாளைக்கு ஆசுப்பத்திரிக்குப் போவம்."

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அது எனக்கே சொல்லப்பட்டது என்பது விளங்கியது.

புற்றுநோய் மருத்துவமனையில் அவளை உள்ளே கொண்டுபோனார்கள். நானும் வதனியும் நடைபாதை வாங்குப் பலகையில் இருந்தோம். திரும்ப அழைத்தபோது மருத்துவர், இளைஞர், மலரின் கட்டில் அருகிலேயே நின்று பேசினார். கமெராவைச் செலுத்திப் பார்த்ததாகவும், அது போக வழியில்லாமல் அடைத்துவிட்டதாகவும், இனிக் குழாய் பொருத்துவதென்றால் வயிற்றைத் திறந்தே பொருத்த வேண்டும் என்றும், அதற்கான மயக்கத்தை இந்த உடம்பு தாங்காது என்றும் சொன்னார். நாளத்தில் மருந்துநீர் ஏற்றலாம், வலியைக் குறைக்கலாம்.

"போன கிழமை வந்திருந்தால்?" என்று வதனி கேட்டாள்.

அவர் மலரைப் பார்த்தார். "சொல்ல ஏலாது" என்றார். நல்ல மனிதர்; பொய் சொல்லத் தெரியாதவர்.

மலர் நோயாளர் சட்டையின் மேல் தன் சேலையைச் சுற்றிக்கொண்டு எழுந்து இருந்தாள். "இஞ்சை கன்ரீன் ஒண்டு இருக்கெண்டு தாதிப்பிள்ளை சொன்னவ. வாங்கோ, அண்ணை ஒண்டும் சாப்பிடேல்லை."

சில்லு நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனோம். நீண்ட கூடம். சாம்பாரும் மருந்தும் கலந்த மணம். நோயாளரும் அவர்களைப் பார்க்க வந்தவர்களும் மேசைகளில் நிறைந்திருந்தார்கள். தலையில் துணி கட்டியவர்கள், கழுத்தில் துளையுள்ள ஒருவர், முகத்தின் பாதியை வெள்ளைத் துணி மூடிய ஒரு பெண். எங்கள் பக்கத்து மேசையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், சட்டையின் கீழ்ப் பொத்தான்கள் திறந்திருக்க, சாய்ந்து அமர்ந்திருந்தார். வயிற்றிலிருந்து வந்த குழாயின் முனையை அவர் மனைவி உயர்த்திப் பிடித்து, பெரிய ஊசிக்குழலின் வாயில் கோப்பையிலிருந்து பால் போன்ற ஒன்றை வார்த்துக்கொண்டிருந்தார். எதிரே அவர்களின் இரு பெண்பிள்ளைகள் இடியப்பம் உண்டுகொண்டே, யாருடைய கைத்தொலைபேசிக்கு முதலில் மின்னேற்றுவது என்று சண்டை பிடித்தார்கள். அவர் இடையிடையே தீர்ப்பு வழங்கினார். கூடத்தில் ஒருவரும் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மலர் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்பெண் அதைக் கண்டு புன்னகைத்தார்.

"அம்மாவுக்கும் உதே வருத்தமோ?"

"ஓம்."

"எப்ப போடுகினம்?"

வதனி வாய் திறந்தாள். மலர் முந்திக்கொண்டாள்.

"திங்கட்கிழமை."

"ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ. முதல் ரெண்டு மூண்டு நாள் ஒரு மாதிரித்தான் இருக்கும். பேந்து பழகிடும். இவர் உதோட கலியாண வீட்டுக்கும் போட்டு வந்திட்டார்."

"பந்தியிலையும் இருந்தனான்" என்றார் கணவர்.

"பந்தியிலையோ?" மலர் தன் நாற்காலியின் சில்லைத் தானே உருட்டி அவர்களின் மேசைக்கு நெருங்கினாள். "ஆக்கள் என்ன சொன்னவை?"

"முதல் பாத்தவை. பேந்து பாயசம் வந்துது. அதைப் பாக்கத் தொடங்கிட்டினம்."

மலர் சிரித்தாள். புரை ஏறும் என்று அஞ்சினேன், ஏறவில்லை. "இதுக்குள்ளை என்னென்ன விடுறனீங்கள்?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டாள். அவர் ஊசிக்குழலை ஒரு கையில் உயர்த்திப் பிடித்தபடியே சொல்லத் தொடங்கினார்: குழையக் காய்ச்சி வடித்த கஞ்சி, பருப்புத் தண்ணி, பப்பாசிச் சாறு; எல்லாவற்றையும் துணியில் இரண்டு முறை வடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அடைத்துவிடும்; கடைசியில் வெறுந்தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்; விட்ட பின் உடனே படுக்கக்கூடாது. மலர் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தாள். விளங்காத இடத்தில் நிறுத்தி, திருப்பிச் சொல்லச் செய்தாள்.

பிறகு மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"கேட்டனியோ பிள்ளை? மறந்துபோகாதை."

"ஓம் அம்மா" என்றாள் வதனி.